வியட்நாம்: 8 இரவில் 8 ஊர், 3 பேர். பட்ஜெட்டுக்குள் முடியுமா?

மஞ்சள்குடை

அனைவருக்கும் வணக்கம். நான், கணவர், அம்மா மூவரும் வியட்நாம் போகலாம் என்று இருக்கிறோம். விடுமுறை 8 இரவுதான் கிடைக்கும். வெளிநாட்டு விமானமும் விசாவும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றேகால் லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். இன்னும் எதுவும் புக் செய்யவில்லை.

என் திட்டம்: ஹனோய், சா பா, ஹா லாங், ஹுவே, டா நாங், ஹோய் ஆன், டா லாட், சைகோன் (ஹோ சி மின் நகரம்). ஊருக்கு ஓர் இரவு. பேருந்தில் போனால் செலவு குறையும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு 64 வயது, சுத்த சைவம், முழங்கால் வலி உண்டு. ஆனால் உற்சாகத்துக்குக் குறைவில்லை. திட்டம் சரியா? எதை மாற்றலாம்?

அரைடிக்கெட்

இது சுற்றுலா இல்லை மேடம், தபால் பட்டுவாடா.

கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்கு போட்டே சொல்கிறேன். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், நிலையத்துக்குப் போய்க் காத்திருந்து பயணம் செய்து, புது ஊரில் அறையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பக்கத்து ஊராக இருந்தாலே அரை நாள் காலி. ஹனோயிலிருந்து சா பா சாலை வழியாக 5, 6 மணி நேரம். போய் வந்தால் ஒரு முழுப் பகல் பஸ் ஜன்னலில் முடிந்துவிடும். அதற்கு ஓர் இரவு தங்கல் என்றால், மூடுபனி இருந்தால் மலையே கண்ணில் படாமல் திரும்புவீர்கள்.

சா பாவையும் டா லாட்டையும் இப்போதே அடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

ரயில்பிரியன்

பஸ் வேண்டவே வேண்டாம் சகோதரி. அந்த நாட்டில் ஹனோய்க்கும் சைகோனுக்கும் இடையே 1,726 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ரயில் பாதை. உங்கள் பட்டியலில் பாதி ஊர் அந்தப் பாதையிலேயே வருகிறது. என் யோசனை இது:

ஹனோயில் இரண்டு இரவு. அங்கிருந்து தெற்கே 115 கிலோமீட்டரில் நின் பின், ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே ஒன்று அல்லது இரண்டு இரவு. நிறையப் பேர் செய்கிற வீண் வேலை, நின் பின் பார்த்துவிட்டு மறுபடி ஹனோய்க்கு வந்து தெற்கே ரயில் ஏறுவது. தேவையே இல்லை. நின் பின்னிலேயே இரவு வண்டி ஏறினால் காலையில் ஹுவே. ஓர் இரவு விடுதிக் காசும் மிச்சம்.

ஹுவே அரண்மனையைப் பார்த்துவிட்டு மறுநாள் பகல் வண்டியில் டா நாங் போங்கள். சுமார் 100 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஹாய் வான் கணவாயை ஒட்டிக் கடலோரமாகப் போகும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம், ஆகவே இடது ஜன்னலைப் பிடியுங்கள். 2024 மார்ச் முதல் இந்தத் துண்டுக்கு மட்டும் ஒரு தனிச் சுற்றுலா ரயிலும் ஓடுகிறது. ஹோய் ஆனில் ரயில் நிலையம் கிடையாது. டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். டா நாங்கில் தனியாகத் தங்க வேண்டாம், ஹோய் ஆனிலேயே இரண்டு இரவு இருங்கள். கடைசியாக டா நாங்கிலிருந்து சைகோனுக்கு விமானம்.

அரைடிக்கெட்

பாதை அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "விடுதிக் காசு மிச்சம்" என்பதை அப்படியே விட முடியாது. மூன்று பேருக்கு நாலு படுக்கை மென்மெத்தைப் பெட்டியில் டிக்கெட் எடுத்தால், ஓர் இரவு அறை வாடகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். சில நாள் விமானமே அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரவு ரயிலைப் பிடித்திருந்தால் ஏறுங்கள், மிச்சம் பிடிப்பதற்காக ஏறாதீர்கள்.

ஆறு படுக்கைப் பெட்டி மலிவுதான். ஆனால் மேல் படுக்கையில் நிமிர்ந்து உட்காரக்கூட இடம் இருக்காது. அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்தே ஆக வேண்டும்.

ரயில்பிரியன்

நாலு பேர் பெட்டியில் மூன்று பேர் நீங்கள், நாலாவதாக யாரோ ஒருவர் வருவார். அவரிடம் பேசிப் பழகலாமே! விமானத்தில் என்ன கிடைக்கும், ஒரு பாட்டில் தண்ணீர்கூடக் காசுக்கு.

மஞ்சள்குடை

இருவருக்கும் நன்றி. தபால் பட்டுவாடாவைப் படித்து கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். சா பா, டா லாட் இரண்டையும் எடுத்துவிட்டேன். ஆனால் ஹா லாங் இல்லாமல் வியட்நாமா? படங்களில் பார்த்ததே அதைத்தான். படகிலேயே ஓர் இரவு தங்கும் பேக்கேஜ் கேட்டேன். மூன்று பேருக்குச் சொன்ன விலையில் பட்ஜெட்டின் கால் பங்கு போய்விடும் போலிருக்கிறது.

நெய்தல்

ஹா லாங்கா, நின் பின்னா என்பது பழைய சண்டை. 8 இரவுக்காரர்களுக்கு நான் சொல்வது எப்போதும் நின் பின்தான்.

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான், சுண்ணாம்புக் கல் மலைகள். ஹா லாங்கில் அவை கடலில் நிற்கின்றன, நின் பின்னில் வயலிலும் ஆற்றிலும் நிற்கின்றன. ஹா லாங் 1994இலும், நின் பின்னில் உள்ள ட்ராங் ஆன் 2014இலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ட்ராங் ஆனில் படகு ஏறினால், வழித்தடத்தைப் பொறுத்து இரண்டரை, மூன்று மணி நேரம் குகைகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரலாம். கப்பல் பேக்கேஜ் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு.

ஹனோயிலிருந்து பகல் பயணமாகவும் ஹா லாங் போகலாம். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி, நடுவில் நாலைந்து மணி நேரம் படகு. நூற்றுக்கணக்கான பேரோடு ஒரே குகையில் வரிசை. எனக்கு அது ஒத்துவரவில்லை. பிடித்தவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வந்து சொல்லட்டும்.

இன்னொன்று, காற்று பலமாக இருந்தால் துறைமுக அதிகாரிகள் படகுகளை விடமாட்டார்கள். 2025 ஜூலையில் அங்கே திடீர்ப் புயலில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அதனால் அந்தத் தடையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு மாற்று நாள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கொய்யாமரம்

ஹா லாங் ஆள் வந்துவிட்டேன். காலையில் மேல்தளத்தில் நின்று பார்க்கும் அந்தக் காட்சிக்கு நின் பின் ஈடாகாது. ஆனால் அது இரவு தங்கினால்தான். பகல் பயணம் என்றால் நெய்தல் சொல்வதே சரி.

சைகோனில்சிலகாலம்

எல்லோரும் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எந்த மாதம் போகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

மஞ்சள்குடை

அக்டோபர் கடைசி வாரம். கணவருக்கு அப்போதுதான் விடுப்பு.

சைகோனில்சிலகாலம்

அப்படியென்றால் ரயில்பிரியன் போட்ட பாதையின் நடுப்பகுதி முழுவதையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

வேலை நிமித்தம் அந்த நாட்டில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். வியட்நாம் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நாடு. ஒரே மாதத்தில் மூன்று பகுதிக்கும் மூன்று வானிலை. அக்டோபர் கடைசியில் வடக்கு அருமையாக இருக்கும், வெயிலும் புழுக்கமும் இறங்கி மழை குறைந்திருக்கும். தெற்கே மழைக்காலத்தின் கடைசிக் கட்டம், பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். நடுப்பகுதிக்குத்தான் அது மோசமான காலம். நமக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, தென் சீனக் கடலின் ஈரத்தோடு போய் ட்ருவோங் சோன் மலைத்தொடரில் மோதி ஹுவே, டா நாங், ஹோய் ஆன் பக்கமே கொட்டித் தீர்க்கும். புயல்களும் அதே மாதங்களில்தான் கரையேறும். ஹுவேயின் ஆண்டு மழையில் பெரும்பங்கு செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. 2020 அக்டோபரில் அந்தப் பக்கம் வந்த வெள்ளம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது.

ஹோய் ஆன் பழைய நகரம் து பொன் ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. ஆறு ஏறினால் தெருவில் படகுதான் ஓடும். ரயில் பாதையிலும் மண் சரிந்து வண்டிகள் நிற்பது உண்டு.

கொய்யாமரம்

கொஞ்சம் பயமுறுத்துகிறீர்கள் அண்ணா. நான் அக்டோபரில் ஹோய் ஆன் போயிருந்தேன். இரண்டு நாள் தூறல், மற்ற நாட்களில் வெயில். கூட்டமும் இல்லை, அறை பாதி விலையில் கிடைத்தது. சீசன் இல்லாத நேரத்தில் போவதுதானே பட்ஜெட் பயணத்தின் சூட்சுமம்?

சைகோனில்சிலகாலம்

உங்களுக்கு வெயில் கிடைத்ததில் சந்தோஷம் தம்பி. கையில் மூன்று வாரம் இருப்பவர் அப்படிப் போகலாம். மழை வந்தால் இரண்டு நாள் தள்ளிப் போட்டு அடுத்த ஊருக்குப் போய்க்கொள்வார். இவர்களுக்கு 8 இரவு, அதில் நாலு இரவு அந்தப் பகுதியில், நடுவில் ரயிலும் விமானமும் முன்பதிவு. ஒரு வண்டி ரத்தானால் பின்னால் உள்ள எல்லாமே சரியும். அறையில் மிச்சம் பிடித்த காசு புது விமான டிக்கெட்டுக்குப் போய்விடும்.

மேடம், இரண்டு வழி இருக்கிறது. விடுப்பை பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரைக்குள் மாற்ற முடிந்தால் ரயில்பிரியன் பாதையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல பாதை இல்லை. டெட் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிருங்கள். ஜனவரி பிற்பகுதி முதல் பிப்ரவரி 20க்குள் வரும். கடைகள் மூடியிருக்கும், நாடே சொந்த ஊருக்குப் போகும், ரயிலில் இடம் இருக்காது. விடுப்பை மாற்ற முடியாது என்றால் நடுப்பகுதியை மறந்துவிட்டு வடக்கும் தெற்கும் மட்டும்.

ரயில்பிரியன்

மாதம் தெரியாமல் போட்ட பாதை அது, சைகோன்காரர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஹாய் வான் கடலோரம் போச்சே!

மஞ்சள்குடை

விடுப்பை மாற்ற வழியே இல்லை, கேட்டுப் பார்த்தாயிற்று. கஷ்டமாகத்தான் இருக்கிறது, குறிப்பாக ஹோய் ஆன் பக்கம் உள்ள மி சோன் கோயில்கள்.

நெய்தல்

மி சோன் எனக்கும் மனசுக்கு நெருக்கமான இடம். அந்நாட்டின் நடுப்பகுதியை ஆண்ட சாம்பா அரசர்கள் 4ஆம் நூற்றாண்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வரை சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டு வீச்சில் பெரிய கோபுரம் போய்விட்டது. மிச்சம் இருப்பதில் சில தொகுதிகளை நம் இந்தியத் தொல்லியல் துறைதான் சீர் செய்து கொடுத்தது. அதை மழையில் நனைந்துகொண்டு அரை மணி நேரத்தில் பார்ப்பதைவிட இன்னொரு முறை தனியாகப் போவது மேல்.

அரைடிக்கெட்

நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். தெற்கும் எதற்கு? ஹனோயில் இறங்கி ஹனோயிலிருந்தே திரும்புங்கள். உள்நாட்டு விமானச் செலவு மிச்சம். 8 இரவும் வடக்கில் என்றால் ஹா லாங் இரவுப் படகுக்கும் காசு வரும், சா பாவும் உள்ளே வரும்.

நெய்தல்

சா பாவை அடிக்கச் சொன்னதே நீங்கள்தானே! மூன்று இரவு கிடைத்தால் நல்ல ஊர்தான். ஆனால் எல்லோரும் பார்க்க ஆசைப்படும் அந்தப் படிக்கட்டு வயல்களில் அறுவடை செப்டம்பரிலேயே ஆரம்பித்து அக்டோபர் தொடக்கத்துக்குள் முடிந்துவிடும். கடைசி வாரத்தில் நெல் அறுத்த தாள்தான் இருக்கும். அங்கே சுற்றுவது என்றால் ஏற்றமும் இறக்கமும்தான், முழங்கால் வலிக்காரருக்குச் சொல்ல மாட்டேன்.

மஞ்சள்குடை

வடக்கு மட்டும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அம்மாவிடம் சைகோனில் மாரியம்மன் கோயில் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இனி சைகோன் இல்லாமல் நான் டிக்கெட் எடுக்க முடியாது. உண்மையிலேயே இருக்கிறதா?

சைகோனில்சிலகாலம்

இருக்கிறது. நகரின் நடுவிலேயே, பென் தான் சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ட்ருவோங் டின் தெருவில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே வியாபாரம் செய்யப் போன தமிழர்கள் கட்டியது. இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். சுவரில் கையும் நெற்றியும் வைத்து வேண்டிக்கொண்டு நிற்பார்கள். அம்மாவைக் கூட்டிப் போங்கள், சந்தோஷப்படுவார்.

சரி, அப்படியானால் ஹனோயில் இறங்கி சைகோனிலிருந்து திரும்புங்கள். போக வர ஒரே ஊர் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், ஆனால் ஹனோய்க்குத் திரும்பி வரும் விமானமும் அரை நாளும் மிச்சமாகும். நடுவில் ஹனோயிலிருந்து சைகோனுக்கு விமானம், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். பல நிறுவனங்கள் போட்டி போட்டு ஓட்டும் பாதை, முன்கூட்டி எடுத்தால் விலை நியாயமாக இருக்கும். பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். மலிவு டிக்கெட்டில் கைப்பை 7 கிலோதான், வாசலில் நிறுத்தி எடை பார்ப்பார்கள்.

இரவுகளை இப்படிப் பிரிப்பேன்: ஹனோய் இரண்டு, நின் பின் இரண்டு, மறுபடி ஹனோய் ஒன்று, சைகோன் மூன்று.

கொய்யாமரம்

நின் பின்னிலிருந்து நேராக விமான நிலையத்துக்கே வேன் கிடைக்குமே. நடுவில் அந்த ஒரு ஹனோய் இரவு எதற்கு?

சைகோனில்சிலகாலம்

நல்ல கேள்வி. மாலை விமானம் என்றால் தேவையில்லை, அந்த இரவைச் சைகோனுக்குக் கொடுத்து மேகோங் கழிமுகப் பக்கம் மி தோ வரை ஒரு பகல் போய் வரலாம். காலை விமானம் என்றால் தேவை. நோய் பாய் விமான நிலையம் ஹனோய்க்கு வடக்கே, நின் பின் தெற்கே. ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும், மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

செலவுக் கணக்கு, இப்போதைய விலையில் என் தோராயம். ஒரு லட்சம் டாங் என்பது 340 ரூபாய் அளவு. மூன்று பேர் அறை சுத்தமான சிறு விடுதியில் 7, 8 லட்சம் டாங், 8 இரவுக்கு 60 லட்சம். சாப்பாடு மூவருக்கும் ஒரு நாளைக்கு 6 லட்சம் என்று 55 லட்சம். ஹனோய்-சைகோன் விமானம் பெட்டியோடு 60 லட்சம். வேன், டாக்ஸி, படகு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து இன்னொரு 60 லட்சம். கூட்டினால் இரண்டு கோடியே 35 லட்சம் டாங், அதாவது 80,000 ரூபாய். மிச்சம் 45,000 கையில். அதைத் தொடாமல் வைத்திருங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்கூட்டியே செலவழித்து முடிக்காதீர்கள்.

அரைடிக்கெட்

கோடியில் கணக்குப் பார்க்கும் சுகமே தனி. பணத்தில் ஒரு எச்சரிக்கை: 20,000 டாங் தாளும் 5 லட்சம் டாங் தாளும் இரண்டும் நீல நிறம். இரவு டாக்ஸி வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு போச்சு. 5 லட்சம் தாளைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

டாக்ஸிக்குத் தெருவில் கை காட்ட வேண்டாம். கிராப் செயலியில் கூப்பிட்டால் தொகை முன்னாலேயே தெரியும். ஹனோய் விமான நிலையத்திலிருந்து 86ஆம் எண் பேருந்து பழைய நகரம் பக்கமாக ரயில் நிலையம் வரை போகிறது. தனியாளுக்கு அது லாபம், மூன்று பேர் பெட்டியோடு என்றால் காரே நல்லது.

மஞ்சள்குடை

இந்தக் கணக்குக்கு எப்படி நன்றி சொல்வது! விசாவும் சைவச் சாப்பாடும் மட்டும் பாக்கி.

நெய்தல்

விசா: இந்தியர்களுக்கு இ-விசா. ஒருமுறை நுழைய 25 டாலர், நிராகரித்தாலும் பணம் திரும்பாது. 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் தேடலில் முதலில் வரும், இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். அதனால் அந்நாட்டுக் குடிவரவுத் துறைத் தளத்திலேயே போடுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் அங்கே இரண்டு முறை சரிபாருங்கள். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது அந்தக் கட்டத்தில்தான்.

சாப்பாடு: பயப்பட வேண்டாம், பௌத்தத் தாக்கத்தால் சைவக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. பலகையில் "சாய்" என்று இருக்கும். அங்கே சோறு, டோஃபு, காளான், கீரை எல்லாம் தாராளம். சாதாரணக் கடையில் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது, மீன் சாறு எல்லாவற்றிலும் ஊற்றுவார்கள். நூடுல்ஸ் சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும் அடியில் எலும்புச் சாறு. அம்மாவுக்குச் சாய் கடை மட்டும். நின் பின்னில் கடைகள் குறைவு, தங்கும் வீட்டில் முந்தைய இரவே சொல்லிவிட்டால் சமைத்துத் தருவார்கள்.

ரயில்பிரியன்

ஹனோயில் ஹோ சி மின் சமாதி திங்களும் வெள்ளியும் மூடல், மற்ற நாளிலும் காலை மட்டும். நாள் பார்த்துப் போங்கள். இலக்கியக் கோயில் பக்கத்திலேயே, 1070இல் கட்டியது, சமதளம், அம்மா நிதானமாக நடக்கலாம்.

இன்னும் ஒரு கோரிக்கை. ஹனோயிலிருந்து நின் பின்னுக்காவது ரயிலில் போங்கள்!

மஞ்சள்குடை

கண்டிப்பாக, போகும்போது ரயில், வரும்போது வேன். மாலை விமானம் பார்த்துவிட்டேன், ஆகவே சைகோனுக்கு நாலு இரவு. சைகோன் பக்கத்துப் போர்க்காலச் சுரங்கமான கூச்சியில் குனிந்து போக அம்மாவால் முடியாது, அதற்குப் பதில் மி தோ.

கடைசிக் கேள்வி: நின் பின்னில் எங்கே தங்குவது? முழங்கால் வலியோடு படகில் ஏற முடியுமா? ஹாங் முவா மலைக்குப் படி ஏறச் சொல்கிறார்களே?

நெய்தல்

ரயில் நிலையம் உள்ள டவுனில் தங்க வேண்டாம். டாம் கொக் கிராமத்தில் தங்குங்கள், காரில் கால் மணி நேரம்.

ஹாங் முவா சுமார் 500 படி, உயரம் சீராக இல்லாத கல் படிகள். நீங்களும் கணவரும் விடிந்ததும் ஏறி இறங்கிவிடுங்கள், அம்மா அறையில் ஓய்வெடுக்கட்டும். படகு தட்டையான துடுப்புப் படகு, ட்ராங் ஆனில் ஒன்றில் நாலு பேர் உட்காரலாம். ஏறும்போது படகு ஆடும், கீழே இறங்கிக் கால் வைக்க வேண்டும். கணவர் முதலில் ஏறி அம்மாவுக்குக் கை கொடுக்கட்டும். குகைகளில் கூரை தாழ்வு, இடுப்பை வளைத்தால் போதும், முழங்காலுக்கு வேலையில்லை. ஆனால் ட்ராங் ஆன் வழித்தடங்களில் நடுவே கோயில்களில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். டாம் கொக் படகில் அது இல்லை, ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அம்மாவோடு டாம் கொக், நீங்கள் இருவரும் மட்டும் ட்ராங் ஆன் என்று பிரித்துக்கொள்ளலாம். எதுவானாலும் காலை எட்டு மணிக்குள் துறைக்குப் போய்விடுங்கள். ஹனோய் சுற்றுலாப் பேருந்துகள் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேரும்.